வெளிப்பக்கம் அரை விரல்

பதினோராவது முறையாக ரயில் கவிழ்ந்தபோது மேஸ்திரி கையிலிருந்த பசை டப்பாவைச் சுவரில் விட்டெறியப் பார்த்தார். சுவருக்குப் போன மாதம்தான் வெள்ளையடித்தது. அதனால் டப்பா தப்பித்தது.

இருபத்தெட்டு வருடம் சாலை போட்ட ஆள். லாரியும் பஸ்ஸும் ஓடிய சாலைகள். இப்போது கட்டில் அளவுப் பலகையில் கார்க் பட்டை ஒட்டி, அதன்மேல் தண்டவாளத்தை ஆணியடித்து, ஒரு பொம்மை ரயிலை ஒரே ஒரு சுற்று ஓட்ட முடியவில்லை. மானக்கேடு என்றால் இதுதான்.

அவர் போட்ட வளைவு ஒன்றில் இரண்டு மாதத்துக்கு முன் லாரி புரண்டு ஓட்டுநருக்குக் கால் முறிந்தது. அன்றிலிருந்து வேலை இல்லை. திங்கட்கிழமை விசாரணை. வளைவை அடுத்த வாரமே பெயர்த்து மறுபடி போட்டுவிட்டார்கள். அளந்து பார்க்க ஒன்றும் மிச்சமில்லை, அவர் வாய்ச்சொல்தான். "வரைபடத்துல இருந்த சாய்வத்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டால் பழி லாரிக்காரன் தலையில் விழும். வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

சும்மா உட்கார முடியாமல் ஆரம்பித்ததுதான் இந்த ரயில். இதுவும் உயிரை வாங்கியது. கவிழும்போதெல்லாம் ஆணியைப் பிடுங்கி, வளைவில் வெளிப்பக்கத்துக் கார்க்குக்கு அடியில், முதலிலேயே வைத்திருந்த அட்டையோடு இன்னொரு துண்டைச் செருகினார். வளைவென்றால் வெளிப்பக்கம் உயர வேண்டும், அந்தச் சாய்வு இருந்தால்தான் வேகமாக வரும் வண்டி வெளியே பாயாது. அதை அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி எழுந்து வந்தாள். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து வளைவில் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, வெளிப்பக்கம் அரை விரல் தூக்கி நிக்குது. ரயில் உள்பக்கமால்ல விழுது?"

"எந்தப் பக்கம் விழும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீங்க பாக்கல."

பார்த்தார். நான்கு பெட்டிகளும் உள்பக்கத்தில்தான் கிடந்தன. பதினோரு முறையும் அங்கேதான் பொறுக்கியிருக்கிறார். தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"இதுவே ஊர்ந்து ஊர்ந்து போகுது," என்றாள் அவள். "மெதுவாப் போற வண்டிக்கு இவ்வளவு சாய்வு எதுக்கு?"

லாரி புரண்ட அந்த வளைவைப் போட்ட அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது, ஜல்லியும் ஒரு லோடு குறைந்தது. ஆட்களிடம் அவர் சொன்னதும் இதே வார்த்தைதான். "மெதுவாப் போற வண்டிக்குச் சாய்வு எதுக்கு? மட்டமா இழுத்து விடுங்கப்பா."

அட்டைகளை எல்லாம் உருவினார். ரசமட்டம் வைத்துத் தண்டவாளத்தைச் சமமாகப் பதித்தார். ரயில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, பதவிசாக ஓடியது.

"இதுக்குத்தான் ஒரு வாரமா வீட்டை ரெண்டாக்கினீங்க," என்று மனைவி சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. வேகத் திருகைக் கடைசி வரை திருப்பினார். இன்ஜின் வளைவில் வெளிப்பக்கமாகப் பாய்ந்து, பலகையைத் தாண்டி அவள் காலடியில் விழுந்தது.

"என்னங்க, வேணும்னே பண்றீங்க?"

"திங்கட்கிழமை," என்றார் மேஸ்திரி, "நான் சாய்வு போடலைன்னு சொல்லப் போறேன்."