கடலைப் பார்த்த ராக்கெட்

தும்பாவில் ராக்கெட் ஏவும் குழுவுக்கு ஒரு பேட்ஜ் வேண்டும், நீயே வரைந்து கொடு என்று தலைவர் ஸ்ரீகண்டன் சொன்னதிலிருந்து, வரைபடப் பிரிவு நாகலக்ஷ்மிக்குக் கால் தரையில் பாவவில்லை. 1974-இல் அப்படியொரு வேலை யாருக்குக் கிடைக்கும்?

ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். சங்கு, தென்னை, யானை.

"யானையை ஏத்தினா ராக்கெட் எழும்புமா?" என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். கடைசியில் ஒரு வட்டம். அடியில் நுரைக்கும் அலை, நடுவில் வாலில் தீ கக்கும் சிவப்பு ராக்கெட், மேலே குழுவில் ஆளுக்கொரு நட்சத்திரம். தன் நட்சத்திரத்தை மட்டும் சற்றுப் பெரிதாக வரைந்துகொண்டாள்.

சாலைக் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்த செண்பகவல்லி, அதை நூல்வேலை செய்து எல்லோர் சட்டையிலும் தைத்துத் தர ஒப்புக்கொண்டாள். ஏவும் நாள் காலையில்தான் சட்டை மூட்டையோடு ஏவுதள வாசலில் வந்து நின்றாள். ஆட்கள் ஆவலாக வாங்கி மாட்டிக்கொண்ட பிறகே நாகலக்ஷ்மி கவனித்தாள். அலை மேலே, நட்சத்திரம் கீழே. அத்தனை மார்பிலும் ராக்கெட் தலைகுப்புறப் பாய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, தலைகீழா தெச்சிருக்கேளே."

செண்பகவல்லி முகம் வெளுத்தது. "நொரையா இருக்கது மேகம் இல்லியா தாயி? அது மேலதான இருக்கணும்? மத்தாப்புல தீ மேலதான இருக்கும்? அப்படித்தான் நெனச்சேன்."

அழுகை வரும் என்று நினைத்த நாகலக்ஷ்மிக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்க அடக்கப் பொங்கியது. அந்த நேரம் பார்த்து ஸ்ரீகண்டன் வந்து, தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"இது எங்கோட்டாக்கும் போறது?"

"கடலுக்கு, சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கரெக்ட்தானே. மேல போயிட்டு கடல்லதானே விழணும். ஊருக்குள்ள விழுந்தாலல்லே பிரஸ்னம்."

அவ்வளவுதான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தையலைப் பிரிக்க நேரமுமில்லை, மனமுமில்லை. அதே சட்டையோடு வேலைக்குப் போனார்கள்.

மத்தியானம் ராக்கெட் சீறிக் கிளம்பி மேகத்துக்குள் மறைந்தது. அனுப்ப வேண்டிய தகவலையெல்லாம் அனுப்பிவிட்டுக் கடலில் விழுந்தது என்று ஒலிபெருக்கி சொன்னதும், குழுவின் பெரியவர்கள்கூட மார்பிலிருந்த பேட்ஜைத் தட்டிக்கொண்டு குதித்தார்கள்.

நாகலக்ஷ்மி புடவையைத் தூக்கிப் பிடித்து வாசலுக்கு ஓடினாள். செண்பகவல்லி வேலிக்கு வெளியே வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"என்னாச்சு தாயி?"

"விழுந்துடுத்து அக்கா, அழகா விழுந்துடுத்து."

இருவரும் கைகோத்துச் சுற்றினார்கள். தலை கிறுகிறுத்து மணலில் உட்கார்ந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.