கீழே போக வேண்டிய இடம்

டெர்வ்லா என் தாளில் ஓர் இடத்தைப் பென்சிலால் தொட்டபோது, அந்தப் பெண் ஏதோ பாராட்டத்தான் போகிறாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் வியாழக்கிழமைதோறும் நடந்த கெல்டிக் சித்திர வகுப்பு அது, இழைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகிற பழங்காலக் கோலம். ஐம்பதைத் தாண்டிய பத்துப் பேர், ஒரு நீள மேசை, புள்ளி அச்சடித்த தாள்கள், பாதியில் தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும். நான் அங்கே கற்றுக்கொள்ளப் போனேன் என்று சொன்னால் பொய். முப்பத்தைந்து வருடமாகக் கல்லறைக் கல் செதுக்குகிறவன் நான். இந்த வட்டாரத்தில் நாலு பேர் செத்தால் இரண்டு பேர் தலைமாட்டில் என் சிலுவைதான் நிற்கும். சுற்றுலாக்காரர்கள்கூட நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பாடம் நடத்துகிற பிள்ளைக்கே நாலு விஷயம் சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம் என்கிற மிதப்பு எனக்கு.

அவள் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். பின்னலில் ஓர் இழை இன்னோர் இழைக்கு மேலே போனால், அடுத்த இடத்தில் கீழே போக வேண்டும். மேலே, கீழே, மேலே, கீழே. கடைசிவரை அப்படியே. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஆயிரம் வருடத்து வெண்கலப் பேழையில்கூட அந்த ஒழுங்கு ஓரிடத்திலும் தப்பவில்லை என்று காட்டினாள். மற்றவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு புள்ளி எண்ணிக்கொண்டிருக்க, நான் ஜன்னலைப் பார்த்தபடியே என் வழக்கமான பின்னல் சிலுவையை வரைந்து முடித்தேன்.

"கோல்மன், இந்த எடத்துல கீழ போகணும் இல்லையா? தொடர்ந்து மூணு தடவை மேலயே போயிருக்கே," என்றாள் டெர்வ்லா, பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்காத குரலில். பென்சில் வழுக்கிவிட்டது என்று சிரித்துச் சமாளித்தேன். பென்சில் எங்கே வழுக்கியது? என் கை முப்பத்தைந்து வருடமாகப் போகிற வழியிலேயே போயிருந்தது.

வீட்டுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்குள் நுழைந்தேன். தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வாரத்தில் நானே வரைந்து தகரத்தில் வெட்டிக்கொண்ட அச்சு ஒன்று உண்டு. அதைக் கல்லின் மேல் வைத்துக் கோடு இழுத்துத்தான் எல்லாச் சிலுவையும் செதுக்குவேன். விளக்கடியில் அதைப் பிடித்துக்கொண்டு விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலுவையின் இடக்கையில், இழைகள் குறுக்கிடும் மூன்றாவது இடத்தில், கீழே போக வேண்டிய இழை மேலே போயிருந்தது. ஒரு கல், இரண்டு கல்லா? என்னைப் பெற்றவளின் கல்லிலும் அதேதான் நிற்கிறது.

வருடா வருடம் ஜூலையில் பாதிரியார் கல்லறைகளை மந்திரிக்கிற ஞாயிறன்று, ஊரே திரண்டு வந்து அவரவர் கல்லின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்கும். பார்ப்பதற்கு அந்தக் கல்லைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் அங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் வேலையை நானே மெச்சியபடி உலாவியிருக்கிறேன். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மூன்றாவது வியாழக்கிழமை எல்லோரையும் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்தபோது, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் நான் இல்லாத நேரத்தில் யாராவது கண்டுபிடித்தால்? அதற்குப் போய்த் தொலைவதே மேல் என்று போனேன். ஆளுக்கொரு பெரிய தாளும் கறுப்பு மெழுகுக் கட்டியும் கொடுத்தார்கள். தாளைக் கல்லின் மேல் வைத்துத் தேய்த்தால் செதுக்கல் அப்படியே தாளில் ஏறிவிடும். பழைய காலத்துப் பெரிய சிலுவை தோட்டத்தின் பின்கோடியில் நிற்கிறது. இந்தக் காலத்துக் கல்லையும் தேய்க்கலாம், பழசோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றாள் டெர்வ்லா. அப்போதுதான் என் வாய் சும்மா இல்லாமல் அந்த வேலையைச் செய்தது.

"அதெல்லாம் மெஷின் வெட்டுனதும்மா. அதுல பாக்க என்ன இருக்கு? நேரா பழைய சிலுவைக்குப் போயிடலாம்."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வகுப்பில் என்னோடு படிக்கிற மலாக்கி பக்கத்தில்தான் நின்றான், முப்பது வருடம் இந்த ஊரில் தபால் கொடுத்தவன். அவன் அப்பாவின் கல் என் கல். "யோவ், எங்கப்பனுக்கு நீ மெஷின்லயா வெட்டிக் குடுத்தே? கையால செஞ்சேன், ஆறு வாரம் ஆச்சுன்னு சொன்னியேய்யா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அட்ராக்டா மட்டும் சிரிக்கவில்லை. எழுபத்தெட்டு வயது அவளுக்கு. அக்கா பெக்கும் அவளும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் நாற்பது வருடம் சேர்ந்து துணிக்கடை நடத்தினார்கள். பெக்கின் கல்லும் என் கல்தான். டெர்வ்லா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவரவர் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம் என்று முடித்துக்கொண்டாள். பழைய சிலுவைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. நான் சொன்னது நிஜமா என்று பார்க்க ஆளுக்கொருவராகத் தங்கள் வீட்டுக் கல்லைத் தேடிப் போனார்கள். யாரும் குழி வெட்டவில்லை, நானேதான் வெட்டிக்கொண்டேன்.

அட்ராக்டா கை காட்டி என்னைக் கூப்பிட்டாள். தாளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். நான் பிடித்துக்கொண்டேன், அவள் தேய்த்தாள். கறுப்பில் என் பின்னல் வெள்ளையாக எழும்பி வந்தது. இடக்கைக்கு வந்ததும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"பதினோரு வருஷமா ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் இங்க வந்து, இந்தக் கோட்ட விரலால ஒரு சுத்து தடவிப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இங்க கீழ போகணும், போக மாட்டேங்குது. மொதல்ல தப்புன்னு நெனச்சேன். அப்புறம் புரிஞ்சுது. பெக் அப்படித்தானே? கடையிலயும் சரி, வீட்லயும் சரி, அவதான் மேல. ஒரு நாள் விட்டுக்குடுத்ததில்ல. நீ அவளத் தெரிஞ்சுதானப்பா இப்படிப் பண்ணுன?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறாள். இல்லை, அது பிழை, எல்லாக் கல்லிலும் இருக்கிற அதே பிழை என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று இன்றைக்கு வேண்டுமானால் கதை கட்டலாம். உண்மை அதுவல்ல. தப்பிக்க ஒரு வழி தெரிந்தது, நுழைந்துவிட்டேன்.

"ஆமா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவங்கள நெனச்சுத்தான் அப்படி விட்டேன்," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அட்ராக்டா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மெழுகுக் கறுப்புக் கையால் என் கன்னத்தைத் தட்டினாள். நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. பக்கத்துக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, கோல்மன் எங்கள் பெக்குக்காக என்ன செய்திருக்கிறான் பாருங்கள் என்று அவள் சொல்லத் தொடங்கியபோதுதான் மழை பிடித்துக்கொண்டது.

எல்லோரும் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு தேவாலயத்தின் முகப்புக்கு ஓடினோம். அட்ராக்டா நனைந்த மேலங்கியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெக்கின் கதையை எல்லோருக்கும் சொன்னாள். நடுவில் நடுவில் என் தோளைத் தட்டினாள். அதற்குள் தாள்களை உலர்த்துவதற்காக அங்கிருந்த நீள பெஞ்சில் வரிசையாக விரித்துவிட்டார்கள். மலாக்கி குனிந்து தன் அப்பாவின் தாளைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான்.

"எங்கப்பனும் விட்டுக்குடுக்காத ஆளுதான் போலிருக்கு," என்றான். "இந்த ஊர்ல ஒருத்தர்கூட விட்டுக்குடுத்துப் போகல போலய்யா கோல்மன்."

ஒரு சிலர் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். டெர்வ்லா அவசரமாகக் குனிந்து, சாரல் அடிக்கிறது, சுருட்டிவிடலாம் என்று முதல் தாளின் ஓரத்தைப் பிடித்தாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இரும்மா," என்றாள் அட்ராக்டா.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெஞ்சின் அருகே வந்தாள். மலாக்கி அப்பாவின் தாளில் உச்சியிலிருந்து தொடங்கி, விரலை எடுக்காமல் மெதுவாகக் கோட்டோடு போனாள். இடக்கையில் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள். அடுத்த தாளிலும் உச்சியிலிருந்துதான் தொடங்கினாள். அதே இடத்தில் நின்றாள். என் கையில் இருந்த அவள் மேலங்கியிலிருந்து தண்ணீர் என் செருப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது தாளுக்கு நகர்ந்தபோது அவள் கோட்டைத் தடவவில்லை. நேராக அந்த இடத்திலேயே விரலை வைத்தாள்.