கட்டிக்கொடுத்த ரத்தம்

ஐயாதுரைக்கு வந்திருப்பது அல்சைமர் என்னும் மறதி நோய்தான் என்று மதுரையில் ஸ்கேன் எடுத்துச் சொன்ன அன்று, அவருடைய மகள் அழகுத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் போட்டு ஒருபாட்டம் அழுது தீர்த்தாள். மறுநாளும் போன் போட்டாள். தன் மகன் சூர்யபிரகாஷுக்குத் தம்பி மகளைக் கட்டுவதாக இருந்த பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்றாள்.

இரண்டு அழைப்பையும் எடுத்தது ஐயாதுரையின் மருமகள் அனுசியா. இராஜபாளையத்தில் அந்த வீட்டுக்கு என்ன வந்தாலும் முதலில் வாங்கிக்கொள்பவள் அவள்தான்.

“ஏன் மதினி, திடீர்னு இப்படிச் சொல்லுதிய?”

“தப்பா நெனைக்காதட்டி. அது ரத்தத்துல வாற நோயாம்ல. அப்பாவுக்கு வந்தது தம்பிக்கு வரும், தம்பிக்கு வந்தது அவன் மகளுக்கு வரும். நாளப்பின்ன எம்மவன் ஆபீஸ் போயிட்டு வந்து கதவத் தட்டுனா, நீ யாருய்யான்னுல்ல கேப்பா?”

“அவிய ஒங்களுக்கும் அப்பாதான மதினி?”

அந்தப் பக்கமிருந்து குரல் தெளிவாகவே வந்தது. “நான் கட்டிக்கொடுத்துப் போனவ. எனக்கு இப்பக் குலசாமியே வேற. குலசாமியே மாறிப்போச்சுன்னா ரத்தம் மட்டும் அங்கனயேவா நிக்கும்?”

கழுத்தில் தாலி ஏறிய நிமிஷம் பிறந்த வீட்டு ரத்தம் உடம்பைவிட்டு இறங்கிப் போய்விடும் என்ற இந்த வைத்திய சாஸ்திரத்தை அனுசியா கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டு மாமனாருக்குச் சோறு போடப் போனாள். அவர் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார். ஆனால் காலையிலிருந்து பட்டினி என்று சத்தியம் பண்ணினார்.

நாலு நாளில் சேதி கசிந்தது. சிவகாசியில் ஓர் அச்சாபீஸ்காரர் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறாராம். அழகுத்தாய் இரண்டு தடவை போய்க் காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறாளாம். அப்பாவின் நோய் வேறு யாருக்கு வந்ததோ இல்லையோ, மகளுக்கு நல்ல சமயத்தில் வந்து உதவியிருக்கிறது.

கணவன் விஜயபாண்டி கோபப்படுவான் என்று அனுசியா எதிர்பார்த்தாள். அவன் பயந்துபோனான். பேண்டேஜ் துணி யூனிட் நடத்துகிறவன், பத்துத் தறிக்காரர்களை ஒரே சத்தத்தில் அடக்குகிறவன். அவன் காலையில் வல்லாரைக் கீரையை அரைத்துக் குடித்துவிட்டு, குளியலறையில் பதினேழாம் வாய்பாட்டைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தான். பதினேழு எட்டில் தடுமாறினால் அன்று முழுக்க முகம் செத்துக் கிடக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால் மறந்துவிட்டு வருகிறவன்தான். இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

“அப்பா ரத்தம்டி. நான் என்ன செய்ய?”

“ஒங்க கூட்டாளி வீட்டுக் கிடாவெட்டுக்கு நாள் தப்பாமப் போனியளே. கொத்தமல்லி மட்டும்தான் மறக்குமோ அந்த ரத்தத்துக்கு?”

துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்த சொந்தக்காரர்கள் ஐயாதுரையைப் பார்த்ததைவிட விஜயபாண்டியின் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தார்கள். வம்சத்தில் வேறு யாருக்கு இருந்தது என்று ஆராய்ச்சி நடந்தது. ஒரு சின்னையா வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு திரிந்தாராம், பட்டியலில் சேர்த்தார்கள். பெண்டாட்டியை விட்டுவிட்டுப் பம்பாய்க்கு ஓடிப்போய் அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திய பெரியப்பா ஒருவர் இருந்தார். பாவம், வீட்டுக்கு வழி மறந்திருக்கும் என்று அவரையும் சேர்த்தார்கள். இத்தனை ஆராய்ச்சிக்கு நடுவில், எப்போதோ ஓய்வு பெற்ற மில்லில் ஷிப்டு இருக்கிறது என்று ஐயாதுரை தெருவில் இறங்கி நடந்துவிட்டார். காப்பித் தம்ளர்களைப் போட்டது போட்டபடி அனுசியா ஓடிப்போய்க் கூட்டிவந்தாள்.

அடுத்த மாதம் இராஜபாளையத்திலேயே நரம்பு டாக்டர் கிருபாபாயிடம் அவரைக் காட்டப் போனார்கள். அழகுத்தாயும் பஸ் ஏறி வந்துவிட்டாள். தம்பிக்கு நோய் வரும் என்பதை டாக்டர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டால், தன் மேல் பழி நிற்காதல்லவா?

“டாக்டரம்மா, இவனுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துருங்க” என்று தம்பியைக் கைகாட்டினாள். “வருமா, வராதான்னு தெரிஞ்சுக்கிடணும்.”

கிருபாபாய் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். “ஐயாவுக்கு எழுவத்தஞ்சு வயசுக்கு மேலதான் ஆரம்பிச்சிருக்கு. இந்த வகை பரம்பரையா அப்படியே நேரா இறங்குறது இல்லம்மா. அப்பா அம்மாவுக்கு இருந்தா, பிள்ளைகளுக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடும். கூடும், அவ்வளவுதான். கண்டிப்பா வரும்னு அர்த்தமில்ல. நாப்பது, அம்பது வயசுலயே வரிசையா வர்ற குடும்பங்க சிலது இருக்கு, ரொம்ப அபூர்வம். அங்கதான் ஒரே ஒரு ஜீன் அப்பா அம்மாகிட்டருந்து பிள்ளைக்குப் போயி நோயக் கொண்டுவரும். இது அது இல்ல. இவருக்கு இப்ப டெஸ்ட் தேவையில்ல.”

விஜயபாண்டி விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த சீட்டு பறந்தது.

“கொஞ்சம் கூடும்னு சொன்னியளே” என்று அழகுத்தாய் அதைப் பிடித்துக்கொண்டாள். “அந்தக் கொஞ்சம் இவனுக்குத்தான?”

“நீங்க ஐயாவுக்கு யாரு?”

“மூத்த மக.”

“அப்ப உங்களுக்கும்தான். மகனுக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணுன்னு இல்ல.”

“நான் கட்டிக்கொடுத்துப் போனவ டாக்டரம்மா.”

கிருபாபாய் அவளை நிதானமாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. தினமும் எத்தனை பேரைப் பார்க்கிறாரோ. “ரத்தத்துக்கு அது தெரியாதும்மா. சுகர் இருக்கா உங்களுக்கு?”

“இருக்கு. மாத்திரை எப்பவாவது போடுவேன்.”

“அதை ஒழுங்காப் போடுங்க, பிரஷரும் பாருங்க. பரம்பரையை மாத்த முடியாது, இதையெல்லாம் மாத்தலாம். ஆமா, எதுக்கு இவ்வளவு விசாரணை? கல்யாணப் பேச்சா?”

அக்கா மகனுக்குத் தன் மகளைக் கட்டுகிற பேச்சு என்று விஜயபாண்டி சொன்னான்.

“அத்தை மகன், மாமன் மகளா? சொந்தத்துல கட்டினா பிள்ளைகளுக்கு என்ன வரும்னு கேட்டிருந்தா ஒரு மணிநேரம் பேசியிருப்பேன். அதை மட்டும் யாரும் கேக்குறதில்ல.”

திரும்பி வருகிற ஆட்டோவில் ஐயாதுரைதான் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார், எல்லாம் நூல் விலையைப் பற்றி.

சிவகாசிக்கும் செய்தி போயிருந்தது. மாப்பிள்ளைக்கு அம்மா வழியில் மறதி நோய் இருக்கிறதாமே என்று அச்சாபீஸ்காரர் மரியாதையாக விலகிக்கொண்டார். அழகுத்தாய் குலசாமிக் கணக்கை அவரிடமும் விளக்கிப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னொரு காப்பி சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டப்பா நிறையப் பால்கோவாவோடு அவள் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“டாக்டரம்மாவே பயமில்லன்னுட்டாக. பொறவு என்ன? பேசுனபடி முடிச்சிருவோம்.”

அனுசியாவின் மகள் மாரிச்செல்வி கிருஷ்ணன்கோவில் காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறாள். கல்யாணப் பேச்சு நின்ற அன்றைக்குச் சூர்யபிரகாஷ் கோயம்புத்தூரிலிருந்து அவளுக்கு அனுப்பியிருந்த மெசேஜில் ஒரே வார்த்தைதான் இருந்தது: ‘தப்பிச்சோம்.’

“வேண்டாம் அத்தை” என்றாள் அவள். “நான் வேலைக்குப் போறேன். இப்ப ஒங்களுக்குப் பொண்ணு வேணும்னதும் ரத்தம் சரியாயிருச்சோன்னு நாலு பேரு பேசக்கூடாதுல்ல?”

அழகுத்தாய்க்கு முகம் கறுத்தது. அனுசியா மகளை அதட்டுவது போல ஏதோ முனகினாள். அதட்டல் வரவில்லை.

போக்கிடம் இல்லாமல் அழகுத்தாய் அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்து, கொஞ்சம் பால்கோவாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் ரசித்துச் சாப்பிட்டார். விரலை நக்கிக்கொண்டே கேட்டார்:

“யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?”

“அப்பா, நான் அழகு. ஒங்க மக.”

அவர் யோசித்தார். “எம்மக அழகா? அவளத்தான் கட்டிக்கொடுத்தாச்சே, வில்லிபுத்தூருல. இங்க ஏன் வாரா?”

“கட்டிக்கொடுத்தா மகளில்லன்னு ஆயிருமா?” அழகுத்தாய் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். “நல்லாப் பாருங்கப்பா. ஒங்க ரத்தம்ப்பா நான்!”

அடுப்படியில் நின்ற அனுசியாவுக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. எட்டிப் பார்த்தாள். மதினி அப்பாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பித் திருப்பி முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். கை தட்டத் தோன்றவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“ரத்தம்னா செவ்வாயும் வெள்ளியும் வாங்க மதினி. குளிப்பாட்ட ஒரு ஆளு கொறையுது.”

வருவாள் என்று அனுசியா நினைக்கவில்லை. வந்தாள். பாசமா பயமா என்று அனுசியா இன்றுவரை கேட்கவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டும்போதே, முதல்ல எது மறந்துச்சு, பேரா, வழியா என்று அவள் அவரிடமே விசாரிப்பது கொல்லைப்புறம் வரை கேட்குமாம். தனக்கு எது முதலில் போகும் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள் போலிருக்கிறது. சுகர் மாத்திரை மட்டும் தவறாமல் போடுகிறாள். அந்த நாட்களில் அனுசியா பஸ் ஏறி வ. புதுப்பட்டிக்குப் போய், அம்மா வீட்டில் மதியம் முழுக்கத் தூங்கிவிட்டு வருகிறாள்.

போன வெள்ளிக்கிழமை, தலை துவட்டிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்து ஐயாதுரை சொன்னாராம்: “நல்லாப் பாத்துக்கிடுத நர்சம்மா. வில்லிபுத்தூர்ப் பக்கம் போனா எம்மகளப் பாத்து ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லு.”

“சொல்லுதேன்” என்றாளாம் அழகுத்தாய்.