திரைக்குப் பின்னால் மூன்று

அவர் விழித்துக்கொள்வதற்குள் மூன்றாவது ஹோல்டரையும் முடித்துவிட வேண்டும். அவள் ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, கத்தரிக்கோலின் முனையால் கம்பியின் மேல்தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். செம்பு இழை ஒன்று ஆள்காட்டி விரலில் குத்தி ரத்தம் துளிர்த்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, மார்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். "என்ன ஆசையோ செஞ்சு குடுங்க" என்றார் டாக்டர். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அது ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

இருபது குட்டி பல்புகள் கோத்த சீரியல் செட் அது. அரிசி மணி அளவு பல்புகள். அவற்றைத் தாங்கும் ஹோல்டர்கள் மட்டும் கடையில் வாங்கியவை அல்ல, அவருடைய மூளையில் பிறந்தவை. இரண்டு பாதியாகப் பிரியும் ஒரு பிளாஸ்டிக் கூடு. உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள். பசை இல்லை, பற்றவைப்பு இல்லை, திருகாணி இல்லை. கம்பியைச் சுரண்டக்கூட வேண்டாம். தகட்டின் பிளவில் வைத்து அழுத்தினால் அதுவே கவ்விக்கொள்ளும். தகடு கெட்டால் தகட்டை மட்டும் மாற்றலாம்.

சீரியல் விளக்குகளைப் பழுது பார்க்கும் கடையில் அவர் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார். ஒரு பல்பு ஹோல்டரை விட்டுவிட்டால் மின்சாரம் அங்கேயே நின்றுபோகும், விளக்கு மாலை முழுவதும் இருண்டுவிடும். ஜனங்கள் அதை அப்படியே குப்பையில் போட்டார்கள். "ஒருத்தன் கையை விட்டதுக்கு பத்தொன்பது பேருக்கு தண்டனையா?" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்பார். "விலை கம்மியா இருக்கணும். யார் வேணாலும் நகத்தால பிரிச்சு சரி பண்ணணும். ரொம்ப நாள் உழைக்கணும். இந்த மூணும்தான். ஆனா மூணும் ஒரே வீட்ல குடியிருக்க மாட்டேங்குது."

"மாமியார், மருமக, நாத்தனாரா?" என்பாள் அவள்.

விலை குறைந்த பித்தளை சூடு பட்டுப் பட்டுத் தளர்ந்துவிடும். தளராமல் கவ்வும் தகடு வாங்கினால் விலை எகிறும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்களுடைய கல்யாண வாழ்க்கை போய்விட்டது. அந்த ஹோல்டருக்கு அவள் 'சின்ன வீடு' என்று பெயர் வைத்திருந்தாள். மகள் சிறுமியாக இருந்தபோது பக்கத்து வீட்டில் போய், "அப்பா சின்ன வீட்டோடதான் இருக்கார், அம்மாவும் கூட உக்காந்திருக்காங்க" என்று சொல்லிவிட, அந்த அம்மாள் ஒரு மாதம் இவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

தினமும் சாயங்காலம் சோதனை நடக்கும். எரிகிறதா என்று பார்க்கும் தைரியம் அவருக்குக் கிடையாது. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அவள்தான் ஸ்விட்சைப் போடுவாள். "எரியலைங்க" என்பாள். பெரும்பாலும் அதுதான் பதில். "சரி, பிரி" என்பார் அவர், சுவரிடமே. அதற்காக வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் அவள் வெட்டாமல் வளர்த்திருந்தாள். ஒரு தடவை அவர் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் மகள் "எரியுதுப்பா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்த்தவரிடம் மாட்டிக்கொண்டாள். அவர் கோபிக்கவில்லை. "நீ பாசத்துல சொல்ற. உங்கம்மாதான் இன்ஸ்பெக்டர். அவ சொன்னா மறுபேச்சு கிடையாது" என்றார்.

கைகள் நடுங்கத் தொடங்கிய பிறகு தகட்டை வளைப்பதும் அவள் வேலையானது. கடைசியாக, தகட்டின் கழுத்தில் ஒரு சின்ன மடிப்பு வைத்தால் பிடி தளராது என்று அவருக்குத் தோன்றியது. படுத்தபடி அவர் சொல்லச் சொல்ல, இடுக்கியால் அவள் எல்லாவற்றையும் மடித்தாள். நேற்று இரவு அவர் தூங்கிய பிறகு அவள் மட்டும் போட்டுப் பார்த்தபோது இருபதும் எரிந்தன. இன்று காலை, அவர் மருந்து மயக்கத்தில் இருந்தபோது போட்டுப் பார்த்தாள். இருட்டு. வெயில் விழும் கோடியில் இருந்த மூன்று ஹோல்டர்களும் பிடியை விட்டிருந்தன. மடிப்பும் தோற்றுவிட்டது. அடுத்த யோசனைக்கு அவரிடம் நாள் இல்லை.

அதனால்தான் அந்த மூன்றிலும் ஒரு பக்கத்துக் கம்பியை மறு பக்கத்துக் கம்பியோடு நேராக முறுக்கிக்கொண்டிருந்தாள். மின்சாரம் அந்த பல்புகளைத் தொடாமல் தாண்டிப் போய்விடும், மற்றவை எரியும். கடை பாஷையில் அதற்கு 'டைரக்ட்' என்று பெயர். இந்த வீட்டில் அது கெட்ட வார்த்தை. "டைரக்ட் குடுக்கிறது ரிப்பேர் இல்ல. ஒருத்தன் பாரத்தை இறக்கி மத்தவன் தலையில ஏத்துறது. மிச்சம் இருக்கறது சீக்கிரம் கருகிப் போகும்" என்பார். கருகட்டும் என்று நினைத்தாள். இன்று ஒரு நாள் எரிந்தால் போதும்.

எரியாத மூன்று பல்புகளையும் திரைச்சீலையின் மடிப்புக்குள் சொருகி மறைத்தாள். எழுந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"என்ன பண்ற?"

"உங்க சின்ன வீட்டுக்கு அலங்காரம். பாக்குறீங்களா?"

"நேத்து வச்ச மடிப்பா?"

"ஆமா."

வழக்கம்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவார் என்று காத்திருந்தாள். அவர் திருப்பவில்லை. "இன்னைக்கு நானே பாக்குறேன்" என்றார்.

ஸ்விட்சைப் போட்டாள்.

ஜன்னல் முழுக்க விளக்குகள் எரிந்தன. சமையலறையிலிருந்து வந்த மகள் வாசற்படியிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஓடிவந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எரியுதுப்பா. இந்த தடவை நிஜமா."

அவர் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தது இந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

"எல்லாம் நம்ம ஹோல்டர்தானே?"

"எல்லாம்."

"நீ சொன்னா சரி."

கையை நீட்டினார். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கையைக் கொடுத்தாள். அவருடைய கட்டைவிரல் அவளுடைய ஆள்காட்டி விரலைத் தேடி, காயத்தின் மேல் வந்து நின்றது.

"கம்பி குத்திடுச்சா?"

"ம்... லேசா."

அந்த இடத்தை மெல்லத் தடவிக் கொடுத்தார். பிறகு, "அணைச்சிடும்மா. பல்பு பாவம்" என்றார்.

"அதானே. உங்களுக்கு எப்பவும் பல்பு மேலதான் பாவம். என் மேல ஒரு நாளாவது வந்திருக்கா?"

"உன் மேலயும்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் ஸ்விட்சை அணைத்தாள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மகள் பால் காய்ச்சிக் கொண்டுவந்தபோது அவள் ஒரு கரண்டி ஊட்டினாள். அது கடைவாயில் வழிந்தது. துடைத்தாள். மீண்டும் ஊட்டினாள். மீண்டும் துடைத்தாள். "அம்மா, போதும்மா" என்று மகள் கரண்டியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அந்த மார்பு ஏறி இறங்கவில்லை என்பதைப் பார்த்தாள்.

மதியத்துக்கு மேல் வீடு நிறைந்துவிட்டது. யாரோ நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார்கள். வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மகள் கேட்காமலேயே சீரியல் செட்டைப் போட்டுவிட்டிருந்தாள். வருகிறவர்களையெல்லாம் கைபிடித்து ஜன்னலைக் காட்டினாள். "அப்பா பண்ணது. காலையிலதான் எரிஞ்சுது. பாத்துட்டுத்தான் போனார்."

"எத்தனை வருஷம் அந்த பொத்தானை உருட்டிக்கிட்டு இருந்தான்" என்றார் அவருடைய அண்ணன். ஆயுள் முழுக்க அதைச் சொல்லித் தம்பியைக் கேலி செய்தவர். இன்று குரல் உடைந்திருந்தது. "இவன் போற அன்னைக்குத்தான் எரியணும்னு இருந்திருக்கு."

"திருப்தியான சாவு" என்றாள் பக்கத்து வீட்டம்மாள்.

அவள் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் சொல்வதைக் கேட்கக் கேட்க, தான் செய்தது சரிதான் என்ற எண்ணம் மெல்ல உறுதியானது. பார்த்துவிட்டுத்தானே போனார். அது போதும். அந்த ஒரு பொய்யைத் தன்னோடு வைத்துக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடலாம்.

அச்சுக்காரர் அப்போதுதான் வந்தார். ஹோல்டரின் பிளாஸ்டிக் கூட்டுக்கு அச்சு வெட்டிக் கொடுத்தவர். பழுது பார்க்கும் கடையில் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரராகத் தொழில் தொடங்கியவர். நண்பனின் காலடியில் சிறிது நேரம் நின்றார்.

"மாமா, அப்பா ஜெயிச்சுட்டார்" என்று மகள் அவரை ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். "இனிமே நீங்க ஆயிரக்கணக்குல ஊத்தலாம் மாமா. இந்த செட்டை மட்டும் நான் எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அணைக்கவே மாட்டேன்."

அச்சுக்காரர் விளக்குகளைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கிய முகம் பாதியில் நின்றது. மகள் யாரையோ வரவேற்க நகர்ந்ததும், அவருடைய கை திரைச்சீலையின் ஓரத்தைத் தொட்டு, மடிப்புக்குள் நுழைந்து, எரியாத பல்புகளை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டு வெளியே வந்தது. வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அவன் பாத்தானா தங்கச்சி?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"பாத்தார்ண்ணா."

"நல்லா முழிச்சா?"

"ரொம்ப நேரம் பாத்தார். ஏன்?"

அவர் தரையைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல."

"சொல்லுங்கண்ணா."

"இருபதும் எரிஞ்சா ஒவ்வொண்ணும் இவ்வளவு பிரகாசமா எரியாதும்மா. பதினேழு எரியற வெளிச்சம் இது. கடையில அவன் இதை வச்சுத்தான் எங்ககிட்ட டீ ஜெயிப்பான். தூரத்துல நின்னு பாத்துட்டு, இதுல நாலு டைரக்ட், இதுல ரெண்டுன்னு சொல்லுவான். ஒரு நாள்கூட தப்பினதில்ல. உன்கிட்ட சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. கடையில் அவர் ஜெயித்த டீயைப் பற்றி அவள் ஒருபோதும் கேட்டதில்லை.

"கண்ணு மங்கியிருக்கும். விடு" என்றார் அச்சுக்காரர். "எதாவது சொன்னானா?"

"பல்பு பாவம்னு சொன்னார்."

அச்சுக்காரர் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அவள் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். காயம் உலர்ந்து கடுகளவு புள்ளியாகியிருந்தது. சுரண்டவே தேவையில்லாத கம்பி எப்படிக் குத்தும் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஹோல்டரைப் படைத்தவர். நீ சொன்னா சரி என்றுதான் சொன்னார். மடிப்பும் தோற்றுவிட்டது என்று தெரிந்த பிறகு அதை ஒருவரிடமாவது சொல்லிப் புலம்பியிருக்கலாம். திட்டியிருக்கலாம். அடுத்து என்ன செய்யலாம் என்று வாயளவிலாவது பேசியிருக்கலாம். அதற்கென்று அவருக்கு இருந்தது ஒரே ஆள். அந்த ஆள் எதிரில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி வந்தது. ஆண்கள் தூக்கினார்கள். வாசற்படியில் இடிக்காமல் திருப்பச் சொல்லி யாரோ சொன்னார்கள். மகள் அலறினாள். வண்டி தெருமுனையில் திரும்பியபோது, வீட்டுக்குள்ளிருந்து பக்கத்து வீட்டம்மாளின் குரல் கேட்டது.

"இங்க வந்து பாருங்களேன். விளக்கு தானா அணைஞ்சிடுச்சு."

பெண்கள் ஜன்னலருகே கூடினார்கள். "அவர்கூடவே போயிடுச்சு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கைகூப்பினாள். கோடியில் ஒரு பல்பு உள்பக்கம் கறுத்துப் புகை படிந்திருந்ததை அவள் மட்டும் பார்த்தாள்.

கூட்டம் குறைந்தது. நாற்காலிகளை மடித்து எடுத்துப் போனார்கள். மகள் முகம் கழுவிவிட்டு வந்து அவள் தோளில் சாய்ந்தாள்.

"எந்த பல்புன்னு பாரும்மா. ஒண்ணு மாத்தினா எரியும்ல? அதுக்குத்தானே அப்பா இவ்வளவு கஷ்டப்பட்டார்."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். சீரியல் செட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கருகிய பல்பு இருந்த ஹோல்டரின் இடுக்கில் நகத்தை வைத்து அழுத்தினாள். பூப்போலப் பிரிந்தது. புது பல்பைச் செருகி மூடினாள். சரியாக அவர் நினைத்தபடியே.

பிறகு அந்த மூன்றையும் தேடி எடுத்தாள். முறுக்கியிருந்த செம்புக் கம்பியை ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய பிளவில் வைத்து அழுத்தினாள்.

"அதை ஏம்மா தொடற? அது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மகள்.

அவள் எழுந்து போய் பிளக்கைச் செருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். மடியிலிருந்து நழுவிய மாலை தரையில் அப்படியே கிடந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. போர்வையை எடுத்துவிட்ட கட்டிலில் தலையணையின் நடுவில் பள்ளம் மட்டும் இருந்தது.

"எரியலைங்க" என்றாள், சுவரைப் பார்த்து.

ஸ்விட்சை அணைத்தாள். பிறகு குனிந்து மாலையை எடுத்து, முதல் ஹோல்டரின் இடுக்கில் நகத்தை வைத்தாள்.