கிண்ணத்திலேயே நீர்த்த சூப்

பக்கவாதம் வந்ததிலிருந்து மாமாவுக்குத் தண்ணீர் போல எது தொண்டையில் இறங்கினாலும் புரை ஏறியது. குடிப்பதையெல்லாம் மாவுப்பொடி கலந்து, ஸ்பூனில் நிற்கிற அளவுக்குக் கெட்டியாகத்தான் ஊட்ட வேண்டும். மருமகள் அளந்துதான் போட்டாள். ஆனாலும் பாதிக் கிண்ணம் தாண்டினால் சூப் தண்ணீராகிவிடும். மனிதர் கண் பிதுங்க இருமுவார். இப்படியே போனால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். குழாய்ப் பேச்சை எடுத்தாலே மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அன்று அதை முடிவு செய்யத்தான் நர்ஸ் வீட்டுக்கு வந்திருந்தார். கூடவே நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். கேட்க வேண்டுமா!

"ரெண்டு ஸ்பூன் பொடி போடக்கூட உனக்கு வலிக்குதா? எங்கப்பா உயிரு உனக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா?"

மருமகளுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக ராப்பகல் பார்க்காமல் செய்தவள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அப்ப நீங்களே கலக்கி ஊட்டுங்க அண்ணி. நான் கிட்டயே வரல."

நாத்தனார் விறுவிறுவென்று கலக்கினாள். சூப் நன்றாகக் கெட்டியாக இருந்தது. ஊட்ட ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"நிறுத்துங்க அண்ணி!" மருமகள் பாய்ந்து வந்து ஸ்பூனைப் பிடித்தாள். கிண்ணத்தில் சூப் தண்ணீராகத் தளும்பியது.

"ஐயோ, நான் சரியாத்தானே போட்டேன்!"

நர்ஸ் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். "வாய்க்குப் போன ஸ்பூனையே திரும்பத் திரும்ப இதுல தோய்க்கிறீங்களா? அதுல எச்சில் ஒட்டிக்கிட்டு வருதும்மா. எச்சில்ல அமிலேஸ்னு ஒரு நொதி இருக்கு. மாவுச்சத்தக் கண்டா துண்டு துண்டா வெட்டிரும். உங்க பொடியும் மாவுச்சத்துதானே? அதான் கெட்டியா நிக்கமாட்டேங்குது."

மருமகள் புதிதாகக் கலக்கினாள். வாய்க்குப் போகாத வேறு ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் கப்பில் எடுத்துப்போட்டு ஊட்டினாள். பெரிய கிண்ணம் கடைசி வரை கெட்டியாகவே இருந்தது. ஒரு இருமல் இல்லை.

"இப்பத்திக்குக் குழாய் வேண்டாம். டாக்டர்கிட்ட நான் சொல்றேன்," என்றார் நர்ஸ்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சிரும்மா. உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்."

"நெனச்சீங்களா? தெருவே கேக்குற மாதிரி கத்தினீங்க அண்ணி!"

மாமா சிரித்துவிட்டார், வாயில் சூப்போடு. மூன்று பேரும் பதறிப்போய் அவர் முகத்தையே பார்த்தார்கள். நிதானமாக விழுங்கிவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று குழறினார்.