ப்ரஹ்லாத்தின் பெயரில்

கிறிஸ்டோபரும் ப்ரஹ்லாத்தும் இன்ஜினியரிங் கல்லூரியில் நான்கு வருடமும் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் ப்ரஹ்லாத் அதே கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தான். கிறிஸ்டோபர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியைப் பிடித்து பிரவுசிங் சென்டர் போட்டான். வேலை வேறாகிப் போனாலும் இருவரையும் விடாமல் கட்டிவைத்த பொறுப்பு ஒன்று இருந்தது.

உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து, கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கென்று உருவாக்கிய இலவச இயங்குதளம் ஒன்று. அதில் ஓடும் எந்த நிரலுக்கும் அவ்வப்போது நினைவகத்தில் இடம் வேண்டும். கேட்டதும் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி, அடுத்தவருக்கு ஒதுக்க வேண்டும். இதைச் சட்டென்று செய்வதற்கென்றே லைப்ரரி என்கிற ஒரு நிரல்தொகுப்பை எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் எழுதியிருந்தான். அதை அந்த இயங்குதளத்துக்குப் பொருந்துகிற பேக்கேஜாகக் கட்டி அனுப்புவதும், கோளாறு என்று யாராவது எழுதினால் சரிசெய்வதும் இவர்கள் வேலை. பொறுப்பாளர் ப்ரஹ்லாத், துணைக்குக் கிறிஸ்டோபர். யார் கண்ணிலும் படாத சாமான். ஒழுங்காக இருக்கிறவரை அப்படி ஒன்று இருப்பதே எவருக்கும் தெரியாது. அது கெட்டால் அதை நம்பி ஓடுகிற அத்தனையும் படுத்துவிடும்.

சின்ன காஞ்சிபுரத்தில் ப்ரஹ்லாத்தின் வீட்டில் கிறிஸ்டோபர் எதுவரை வரலாம் என்று யாரும் சொன்னதில்லை. கம்ப்யூட்டரை முன்னறையிலேயே வைத்துவிட்டதால் அந்தப் பேச்சே எழவில்லை. ப்ரஹ்லாத் அதை யோசித்துத்தான் அங்கே வைத்தான் என்பது கிறிஸ்டோபருக்குத் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இரண்டாயிரத்து நான்காம் வருடம், வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே ப்ரஹ்லாத்துக்கு வலிப்பு வந்தது. மூளையில் கட்டி என்றார்கள். சென்னையில் ஆபரேஷன் ஆயிற்று. திரும்பி வந்தவனுக்கு வலது கை மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு, சிரிப்பு, கிண்டல் எல்லாம் பழையபடியே இருந்தன. அதில்தான் எல்லோரும் ஏமாந்தார்கள். கல்லூரியில் கொடுத்த விடுப்பு நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் அங்கிருந்து யாரும் விசாரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வருடம் அந்த லைப்ரரியின் புதிய பதிப்பு வந்தது. உள்ளே பல இடங்களில் அமைப்பே மாறியிருந்தது. அப்படி மாறினால் பேக்கேஜின் பெயரிலுள்ள எண்ணையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழைய நிரல்கள் புதியதைப் பழையது என்று நினைத்துப் போய் மோதிக்கொள்ளும். முதல் பாடமே அதுதான். ப்ரஹ்லாத் எண்ணை மாற்றாமல், கிறிஸ்டோபரிடமும் காட்டாமல் அனுப்பிவிட்டான்.

மறுநாள் கிறிஸ்டோபர் சென்டரைத் திறந்தபோது மெயில்கள் குவிந்து கிடந்தன. ஒருவருக்கு டேட்டாபேஸ் எழவில்லை, இன்னொருவருக்கு மெயில் சர்வர் விழுந்திருந்தது. வந்திருந்த பையன்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவசரமாகச் சரியான பதிப்பைக் கட்டி அனுப்பினான். அதற்குள் ஒருவர் இயங்குதளக் குழுவினர் எல்லோரும் படிக்கிற பொது மெயிலில் கேட்டிருந்தார்: இந்தப் பொறுப்பாளரை இன்னும் வைத்திருக்க வேண்டுமா?

அன்று மத்தியானம் ப்ரஹ்லாத்தின் மனைவி வைதேஹி மாடிப்படி ஏறி வந்தாள். அதற்கு முன் அவள் அங்கே வந்ததே இல்லை.

"உக்காருங்க சிஸ்டர்."

அவள் உட்காரவில்லை. "தப்பு ஆயிடுத்துன்னு சொன்னார். சாப்பிடலை. அவர்கிட்டேர்ந்து அதை எடுத்துடுவாளா?"

"கேக்கறாங்க. இன்னும் ஒண்ணும் முடிவாவல."

"கார்த்தால எழுந்து ஸ்நானம் பண்ணிட்டு நேரே அது முன்னாடி உக்காந்துக்கறார். இதையும் எடுத்துட்டா அவர் எதுக்காக எழுந்துக்கணும்?" குரல் உடையவில்லை. யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள், அவ்வளவுதான். "நீங்க நினைச்சா ஏதாவது பண்ணலாமில்லையா?"

கிறிஸ்டோபர் அந்தக் குழுவுக்கு எழுதினான்: இனி எல்லாவற்றையும் நான் பார்த்து அனுப்புகிறேன், பொறுப்பு ப்ரஹ்லாத்திடமே இருக்கட்டும். ப்ரஹ்லாத்திடம் வேறு விதமாகச் சொன்னான். "உங்க வீட்டு போன் லைன் ரொம்ப மெதுவா இருக்குதுபா. நீ சிடியில போட்டுக் குடு, நான் சென்டர்லேர்ந்து அனுப்பிடறேன்."

ப்ரஹ்லாத் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். அதன்பின் ஒவ்வொரு தடவையும் சிடி வந்தது. ஒவ்வொரு தடவையும் கிறிஸ்டோபர் அதைத் திறந்து முதலிலிருந்து கடைசிவரை திருத்தினான். ஆரம்பத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்த பிழைகள் போகப்போகப் பெருகின. கடைசி மாதங்களில் சிடியில் இருந்ததில் எதையும் எடுக்க முடியவில்லை. தானே கட்டி, ப்ரஹ்லாத்தின் பெயரைப் போட்டு அனுப்பினான். செய்வது நல்லதா கெட்டதா என்று யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் போன் வந்தது. "கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" என்றான் ப்ரஹ்லாத்.

போனபோது முன்னறையில் திரை எரிந்துகொண்டிருந்தது. "ஒருத்தர் எழுதியிருக்கார். நான் பண்ணின திருத்தம் ரொம்ப நேர்த்தியா இருக்காம். நன்றி சொல்லியிருக்கார்."

"நல்லதுதானபா."

"எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது. எந்தத் திருத்தம்னு எடுத்துப் பார்த்தேன். அது நான் எழுதினதில்லை."

கிறிஸ்டோபர் திரையை எட்டிப் பார்த்தான்.

"எழுதிட்டு மறந்துபோயிட்டேனோன்னு முதல்ல பயந்தேன். கார்த்தாலேர்ந்து அதையே பார்த்துண்டிருக்கேன். மறக்கலை. அந்த மாதிரி எழுத எனக்கு இப்போ வராது. எப்போலேர்ந்து?"

"அந்தத் தப்பு ஆச்சே, அதுலேர்ந்து."

"எல்லாத்தையுமா?"

"எல்லாம் இல்ல. கொஞ்சம்தான்."

"கிறிஸ்டோ."

"எல்லாத்தையும்தான்."

வைதேஹி உள்கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கிறிஸ்டோபர் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் கேட்டதால் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். அவன் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

"தப்புன்னு நீ மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, தப்புப் பண்ணினவனாவாவது இருந்திருப்பேன்," என்றான் ப்ரஹ்லாத். "இப்போ ஒண்ணுமே பண்ணாதவனாயிட்டேன். நீ போய்ட்டு வா."

அன்று சாயங்காலம் ப்ரஹ்லாத் இடது கையால் தட்டி அந்தக் குழுவுக்கு எழுதினான். உடல்நிலை காரணமாக விலகுகிறேன், கிறிஸ்டோபர் தொடர்வார், ஒரு வருடமாக என் பெயரில் வந்த எல்லாம் அவர் செய்தவை. முகம் தெரியாத பலர் அன்பாகப் பதில் எழுதினார்கள். கிறிஸ்டோபரும் எழுத உட்கார்ந்தான். எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு எழுந்துவிட்டான்.

அதற்கப்புறம் வீட்டுக்குப் போனபோதெல்லாம், "தூங்கறார்," என்றாள் வைதேஹி.

வைகாசியில் கருடசேவை வந்தது. வரதராஜப் பெருமாள் கருடன்மேல் ஏறிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வருகிற நாளில் சென்டரைத் திறந்து பயனில்லை. கிறிஸ்டோபர் கீழே இறங்கிக் கடை வாசலில் நின்றிருந்தான். கூட்டத்தில் வைதேஹியின் தோளைப் பிடித்தபடி ப்ரஹ்லாத் வந்துகொண்டிருந்தான். பாதியாக இளைத்திருந்தான். அவன்தான் முதலில் பார்த்தான்.

"புது வெர்ஷன் வந்துடுத்தாமே?"

"வந்துட்சிபா. கட்டிக்கினு இருக்கறேன்."

"யார் சரிபார்க்கறா?"

"யாரும் இல்ல. நானேதான்." கிறிஸ்டோபர் தயங்கினான். "நீ ஒருவாட்டி பாக்கறியா? எடுத்துக்கினு வரேன்."

ப்ரஹ்லாத் உண்மையாகவே யோசித்தான். "வேண்டாம். நான் பார்த்துட்டுச் சரின்னு சொல்லிட்டா, நீ நம்பிடுவே."

பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. குடைகள் தெரிந்ததும் எல்லோர் கைகளும் மேலே உயர்ந்தன. கிறிஸ்டோபர் மறுபடி பார்த்தபோது இருவரும் வெகுதூரம் போயிருந்தார்கள்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஒரு நாள் ப்ரஹ்லாத் இறந்துபோனான். காரியங்கள் முடிந்தபின் கிறிஸ்டோபர் போனான். முன்னறையில் இப்போது நாற்காலி மட்டும் இருந்தது. வைதேஹி எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் உங்களைக் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள். "போறதுக்குப் பத்து நாள் முன்னாடி. சொல்லாம இருக்க முடியலை."

"என்ன சொன்னான்?"

"ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், பசிக்கறது, சாதம் போடுன்னார்."

கிறிஸ்டோபர் தலையை ஆட்டினான். வெளியே மழை வலுத்தது. "இருந்துட்டுப் போங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே எழுந்து போனாள்.