மலைப்பள்ளிக்குப் போகும் ஒற்றை முடி

மலைப்பள்ளிக்குப் பாடம் பதினாறு வருடங்களாக, நடுவில் இருபத்து மூன்று நாள் நீங்கலாக, ஒரு பெண்ணின் தலைமுடி வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் அலட்சியமும் இல்லை, வேண்டுதலும் இல்லை, மழைதான். பன்னிரண்டு பள்ளிக்கூடங்களை ஒரே இணைய வலையில் கோத்து, ஒரு கணக்கு வாத்தியாரை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வது என்று முடிவான வருடம் அது. பள்ளிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கண்ணாடி இழைகள். மலையடிவாரத்துக் குழியில் உட்கார்ந்து அவற்றை இணைத்தவள், ஜாயின்ட் அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் நாற்பது வயதுக்காரி. பதினொன்று முடிந்தபோது வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. பன்னிரண்டாவது, மலைப்பள்ளிக்கானது, ஒரு சாண் நீளத்துக்கு முறிந்து விழுந்தது. முறிந்த துண்டு என்று நினைத்து மடியிலிருந்து அவள் எடுத்தது தன் தலையிலிருந்து உதிர்ந்த முடியை. இழை ஒட்டும் மிஷின் இரண்டு முனைகளையும் ஒட்டவைத்தது. எந்த இணைப்பிலும் வெளிச்சம் கொஞ்சமாவது சிந்தும். அன்று மிஷின் இழப்பு பூஜ்யம் என்று காட்டியது. வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் இணைப்புப் பெட்டியை மூடினாள்.

மறுநாளிலிருந்து பாடம் அவள் தலைக்குள்ளும் ஓடியது. அவள் ஐந்தாவதோடு நின்றவள்; தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நிறுத்திவிட்டார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு, முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் நூற்றி எண்பதுதான் வரும், தலைகீழாக நின்றாலும் வேறு வராது என்று தெரிந்துபோனது. தையல்காரக் கணவரிடம் சொன்னாள். சண்டைக்கு அடிபோடுகிறாள் என்று நினைத்து அவர் தையல் மிஷினை வேகமாக மிதித்தார். முதல் வருடம் ஆறாவது, அடுத்த வருடம் ஏழாவது என்று ஒவ்வொரு வகுப்பாக ஏறினாள். மற்ற வகுப்புகள் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி மெல்லக் கேட்கும். ஒரு கோட்டை நெருங்கிக்கொண்டே போய் கடைசிவரை அதைத் தொடாத வளைகோடு ஒன்று இருக்கிறது என்று தெரிந்த அன்று, கேபிள் வேலைக்கு ஏறிய கம்பத்திலிருந்து இறங்காமல் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் இத்தனை இருந்திருக்கிறது, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமும் கோபமும் சேர்ந்து வந்தன. அவ்வப்போது உச்சந்தலை அரிக்கும். அவள் சொறிந்துகொள்ளும் அதே நொடியில் கீழே வாத்தியார் பாடத்தை நிறுத்தி, மலைப்பிள்ளைகளுக்காக முதலிலிருந்து சொல்வார். அதைத் தன் அனுபவம் என்று அவர் பெருமையாக நினைத்திருந்தார்.

அவள் பன்னிரண்டாவதை எட்டிய வருடம் தலைமை அலுவலகத்துக்குப் புது இன்ஜினியர் வந்தார். இழப்பு பூஜ்யம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று சொல்லி, அவளை வைத்தே பெட்டியைத் திறக்கச் செய்தார். உள்ளே முடி வளர்ந்து தட்டு நிறையச் சுருண்டிருந்தது. பாதி நரைத்தும் இருந்தது. அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பாடம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. இன்ஜினியர் வெட்டச் சொன்னார்.

"பன்னெண்டாவது பாடம் இன்னும் ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும் சார். முடிச்சதும் நானே வெட்டிடறேன்" என்றாள்.

அவர் கெட்டவர் இல்லை, விதிப்படி நடப்பவர். அவளே வெட்டி, அவளே கண்ணாடியை இணைத்தாள். பன்னிரண்டு பள்ளிகளிலும் படம் பளிச்சென்று வந்தது. அவள் தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்குப் போய், தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, பாதியில் நின்ற ஒரு கணக்கை நினைத்து வாய்விட்டு அழுதாள். ஐந்தாவதில் நிறுத்தியபோது கூட அவள் அழவில்லை.

பிறகு வாத்தியாருக்குத்தான் சிக்கல். புரியுதா என்று கேட்பார். புரியுது சார் என்று பன்னிரண்டு பள்ளிகளும் ஒரே குரலில் சொல்லும். உலகத்தில் நம்பக்கூடாத பதில் அது ஒன்றுதான். அடுத்த பரீட்சையில் மலைப்பள்ளி மொத்தமும் தோற்றது. ஏழு வருடங்களாக அவர் பதில் சொல்லிவந்தது மலைப்பிள்ளைகள் கேட்காத கேள்விகளுக்கு என்பதும், கண்ணாடியில் கேட்ட கேள்வி மட்டுமே வரும் என்பதும் அவருக்குப் புரிய இருபத்து இரண்டு நாளானது. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய், முடியை வெட்டிய விவரத்தைக் கேட்டறிந்து, அதைத் திரும்ப வைக்கச் சொன்னார். கேட்காத கேள்வியை அளக்க மீட்டர் கிடையாது என்றார் இன்ஜினியர்.

"நீங்க படிக்கறப்போ, புரியாததையெல்லாம் எந்திரிச்சுக் கேட்டீங்களா சார்?" என்றார் வாத்தியார்.

இன்ஜினியர் மேசையை விட்டு எழுந்தார். பிறகு மிஷின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். இருவரும் ஜாயின்ட் அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, ஒரு முடி வேண்டும் என்று கூச்சத்தோடு கேட்டார்கள். கழுத்தில் டேப்போடு நின்ற தையல்காரர் மனைவியைப் பார்த்தார். "மயிரைக் கட்டி மலையை இழுக்கற கதைதான். வந்தா மலை, போனா மயிர். பிடுங்கிக் குடு" என்றார். அவள் ஒன்றுக்கு இரண்டாகவே பிடுங்கினாள்.

அன்று மதியம் பாடத்தின் நடுவே வாத்தியாருக்கு முதலில் வந்து சேர்ந்த சந்தேகம் எந்தப் பிள்ளையுடையதும் இல்லை. சின்ன வயதில் ஐந்து வருடம் வகுப்பில் உட்கார்ந்தும் ஒருநாளும் வாய் திறக்காத ஒருத்தியுடையது: நடுவில் விட்டுப்போன இருபத்து மூன்று நாள் பாடம் எங்கே? வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார். ஒருத்தங்களுக்குப் பாடம் விட்டுப்போயிருக்கு, மறுபடி நடத்தறேன் என்று பன்னிரண்டு பள்ளிகளுக்கும் சொல்லிவிட்டு, முழுவதையும் நடத்தினார். மலைப்பிள்ளைகள் முணுமுணுக்கவில்லை, அவர்களுக்கும் அது தேவைப்பட்டது.

இப்போது அலுவலகக் குறிப்பேட்டில் பன்னிரண்டாவது இழைக்கு நேரே 'முடி, நரை, வளர்கிறது' என்று இருக்கிறது. வருடம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, வளர்ந்ததைச் சுருட்டிவைத்து மூடுகிறார்கள். ஜாயின்ட் அக்கா பன்னிரண்டாவதையே பத்தாவது முறையாகப் படிக்கிறாள். முடித்துவிட்டுப் போக மனசில்லை. தினமும் காலையில் வாத்தியார் எல்லாப் பள்ளிகளின் பெயர்ப் பட்டியலையும் வாசித்துவிட்டு, கடைசியாக அவள் பெயரையும் கூப்பிடுகிறார். ஏதோ ஒரு குழிக்குள்ளிருந்தோ கம்பத்தின் மேலிருந்தோ, கையில் கேபிளோடு, அவள் "உள்ளேன் ஐயா" என்கிறாள். அதன் பிறகு அவர் கரும்பலகையில் தேதி எழுதுகிறார்.